தாசனுக்கு வரம்பு உண்டா?

‘தாசன்’ என்பது அடக்கமான சொல். அடியவன், ஏவல் கேட்பவன், தனக்கென ஏதும் இல்லாதவன் என்பது அதன் பொருள். அந்த அடக்கமான சொல்லைச் சூடிக்கொண்டு ஓர் அரச குடும்பம் ஏறத்தாழ 200 ஆண்டுகள் நாடாண்டது. அந்தப் பட்டம் பிறந்த நாளில் அரசின் தலைநகராக விளங்கிய ஊர், குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம்.

1750-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்தார். உடைவாளைச் சன்னதியில் வைத்தார். ‘பத்மநாப தாசன்’ என்ற பெயரோடு அதையே திரும்ப எடுத்துக்கொண்டார். திருப்படிதானம் என்று வரலாற்று ஏடுகள் இதனைப் போற்றுகின்றன. மார்த்தாண்ட வர்மர் ஆற்றல் அற்றவர் என்று எவரும் கூறமாட்டார். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றவர் அவர். சிறிய வேணாட்டை வடக்கே கொச்சியின் எல்லை வரை விரித்தவர் அவர். கல்குளம் என்ற பழைய ஊர் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்றதும் அவர் காலத்தில்தான். ஆகவே நம் வினா அவருடைய ஆற்றலைப் பற்றியது அன்று. அவர் சூடிய பட்டத்தைப் பற்றியது.

தாசன் என்று ஒருவன் இருந்தால், எஜமானன் என்று ஒருவன் இருக்க வேண்டும். எஜமானன் கணக்குக் கேட்க வேண்டும். கணக்கு உதைத்தால், ‘போதும், போய் வா’ என்று கூற வேண்டும். திருவனந்தபுரத்து எஜமானரோ பாம்பணையில் பள்ளிகொண்டவர். அவர் எழுந்து வந்து எந்தத் தாசனையும் கணக்குக் கேட்டதாக வரலாறு இல்லை. எஜமானன் வாய் திறவாத இடத்தில், தாசனே எஜமானன்! அதுமட்டுமா? மன்னனை எதிர்ப்பவன் அதுவரை அரசத் துரோகி மட்டுமே; தானத்திற்குப் பிறகு அவன் தெய்வத் துரோகியும் ஆனான்.

இன்று கேரளத் தொல்பொருள் துறையின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகையைக் காண்போருக்கு வழிகாட்டிகள் அடுக்கடுக்காக விளக்குவார்கள்: கீழே கருவூலம், நடுவே மன்னரின் பள்ளியறை, உச்சியில் பத்மநாபனுக்கென ஓர் அறை. மேலே தெய்வம், கீழே பொன், இடையிலே தாசன். மக்களுக்கு அந்த மாளிகையில் அடுக்கு இல்லை.

அடுக்கு இல்லாத மக்கள் என்ன ஆனார்கள்? 1799-இல் ஊழல் அமைச்சர்களின் கொடுமை பொறுக்காமல், கல்குளம் வட்டாரத்துத் தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றார். ‘அமைச்சர்களை நீக்கு’ என்று கேட்க முடிந்தது, நீக்கவும் முடிந்தது. அந்த அமைச்சர்களை அமர்த்திய அரசரை? கேட்க வாயும் இல்லை, வழியும் இல்லை. பிறகு நம் தாய்மார்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டார்கள். உயர்சாதிப் பெண்களைப்போல மேலாடை அணியும் உரிமையை 1829-ஆம் ஆண்டு அரசாணை மறுத்தது. 1859-ஆம் ஆண்டு ஆணையும் கட்டுப்பாடுகளோடுதான் உரிமை தந்தது. இத்தனை காலமும் ஆண்டவர்கள் தாசர்களே! எஜமானர் ஒருமுறையேனும் குறுக்கிட்டாரா?

பழங்கதை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். அரசியல் மேடைகளில் இன்றும் ஒலிக்கும் ஒரு வாதத்தின் வேர் இந்தப் பழங்கதையில் இருக்கிறது. ‘நான் மக்களின் தொண்டன், மக்கள் விரும்பும் வரை தொண்டு செய்ய எனக்கு உரிமை வேண்டும், எத்தனை முறை பதவி வகிக்கலாம் என்ற வரம்பை நீக்குங்கள்’ என்பதே அந்த வாதம். பத்மநாப தாசன் என்பதை மக்கள் தாசன் என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். மாற்றி எழுதியதால் பொருளும் மாறிவிட்டதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

திருவிதாங்கூர் மக்கள் இந்த ஆராய்ச்சியை ஒருமுறை தாங்களே நடத்தினார்கள். 1946-இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் ஓர் அரசியல் அமைப்பை முன்வைத்தார். வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை உண்டு, சட்டமன்றம் உண்டு, ஆனால் ஆட்சி நடத்தும் திவானைச் சட்டமன்றம் நீக்க முடியாது. அமெரிக்க மாதிரி என்று அதற்குப் பெயரும் சூட்டினார். அமெரிக்காவில் ஆட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 4 ஆண்டுகளில் அவர் மீண்டும் மக்கள் முன் வந்து நிற்க வேண்டும். சர் சி. பி.யின் திவானோ மன்னரால் அமர்த்தப்படுபவர். அமெரிக்காவிலிருந்து பூட்டை மட்டும் கொண்டு வந்தார். சாவியை அங்கேயே விட்டுவிட்டார்! ‘அமெரிக்க மாதிரி அரபிக்கடலில்’ என்று மக்கள் முழங்கினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் துப்பாக்கிகள் வெடித்தன. 1947 ஜூலையில் திவான் வாளால் வெட்டுண்டு காயமுற்றார். அடுத்த திங்களே பதவி துறந்து வெளியேறினார். வெட்டும் குத்தும் அறிவியக்கத்தார் போற்றும் வழி அல்ல. ஆனால் போகச் சொல்லும் வழியைச் சட்டம் அடைத்துவிட்டால், அந்த வழி வீதியில் திறக்கிறது என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது.

இனி, கடலுக்கு அப்பால் உள்ள இலங்கையைப் பார்ப்போம். பதவி வரம்பை நீக்கும் வாதம் சட்டமாகவே எழுதப்பட்டது அங்கேதான்.

1978-இல் ஜெயவர்த்தனா வகுத்த அரசியல் அமைப்பு, பேரதிகாரம் படைத்த குடியரசுத் தலைவர் பதவியை உண்டாக்கியது. நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை அவரை அசைக்க முடியாது. அத்தனை அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த அந்த ஏடுகூட ஒரே ஒரு வேலியைப் போட்டிருந்தது: மக்களால் இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் மூன்றாம் முறை நிற்க முடியாது. தவணை ஒன்றுக்கு 6 ஆண்டு; ஆக 12 ஆண்டு. ஜெயவர்த்தனாவும் அந்த வேலியைத் தாண்டவில்லை. நாடாளுமன்றத் தேர்தலையே நடத்தாமல், 1982 டிசம்பர் வாக்கெடுப்பின் மூலம் அதன் ஆயுளை நீட்டியவர் அவர் என்பதை நினைவிற் கொண்டால், இந்த வேலியின் மதிப்பு விளங்கும்.

2010-இல் அந்த வேலி பிடுங்கப்பட்டது. முந்திய ஆண்டு மே திங்களில் போர் முடிந்திருந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் தமிழர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். வெற்றி முழக்கத்தின் நடுவே, 2010 ஜனவரித் தேர்தலில் மகிந்த ராசபக்சே ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்குகளோடு மீண்டும் வென்றார். ஏப்ரலில் அவருடைய கூட்டணி 225 இடங்களில் 144-ஐப் பெற்றது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 150. குறைந்த இடங்களை எதிர்வரிசையிலிருந்து வந்தவர்கள் நிரப்பினர். 18-ஆம் திருத்தம் அவசரச் சட்டமாக உச்ச நீதிமன்றத்தின் முன் ஆகஸ்டு 31-இல் வந்தது; செப்டம்பர் 8-இல் 161-க்கு 17 என்ற வாக்குகளில் நிறைவேறியது. முதன்மை எதிர்க்கட்சி அவையைப் புறக்கணித்தது. ஆளும் கூட்டணியில் இருந்த மூத்த இடதுசாரிகளும் கை தூக்கினார்கள். ராசபக்சே இரண்டாம் தவணைக்கான உறுதிமொழி எடுத்ததே அவ்வாண்டு நவம்பரில்தான். இரண்டாம் பந்தியில் இலை போடுமுன்பே மூன்றாம் பந்திக்கு இடம் பிடித்தாயிற்று!

இந்தத் திருத்தத்தை ஓர் ஏடாகக் கொண்டு படித்தால், அதில் இரண்டு பாகங்கள் இருப்பது தெரியும். முதற் பாகம் இருமுறை வரம்பை நீக்குகிறது. உலகம் பேசியது பெரும்பாலும் இதனைப் பற்றியே. இரண்டாம் பாகம் சத்தமின்றி நடந்து வருகிறது. 2001-ஆம் ஆண்டின் 17-ஆம் திருத்தம், தேர்தல் ஆணையம், காவல்துறை ஆணையம், அரசுப் பணி ஆணையம், உயர் நீதிபதிகள் ஆகிய பதவிகளை நிரப்பும்போது அரசியலமைப்பு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 18-ஆம் திருத்தம் அந்த மன்றத்தை ஒழித்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றக் குழு ஒன்றை அமைத்து, அதன் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்டால் போதும் என்றது. கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை!

இப்போது இரு பாகங்களையும் சேர்த்துப் படியுங்கள். மக்கள் என்ற எஜமானர் பாம்பணையில் பள்ளிகொண்டவர் அல்லர். அவருக்கு வாய் உண்டு. அந்த வாய்க்குப் பெயர் தேர்தல். அவர் கணக்குக் கேட்கும் மேசைக்குப் பெயர் நீதிமன்றம். முதற் பாகம், ‘எஜமானர் சொன்னால் போகிறேன்’ என்கிறது. இரண்டாம் பாகம், எஜமானரின் வாயையும் மேசையையும் தாசனின் கையில் ஒப்படைக்கிறது. 1750-இல் தாசனுக்கு வாய்த்த எஜமானர் இயல்பாகவே பேசாதவர். 2010-இன் தாசனுக்குப் பேசும் எஜமானர் வாய்த்தார். ஆகவே அவரைப் பேசாதவர் ஆக்கும் ஏற்பாடும் தேவைப்பட்டது.

இதற்குக் கூறப்பட்ட வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: வரம்பை நீக்கினால் மக்களின் தேர்வு விரிகிறது. இதனை உச்ச நீதிமன்றமே ஏற்றது. வாக்காளருக்கு வேட்பாளர் பட்டியல் பெருகுவதால் வாக்குரிமை வளர்கிறதே அன்றித் தேயவில்லை. ஆதலால் மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை, நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்று அது முடிவு கூறியது. மக்களின் உரிமையை விரிப்பதற்கு மக்களைக் கேட்க வேண்டியதில்லை என்ற விந்தையை என்னென்பது!

பட்டியலில் ஒரு பெயர் கூடுகிறது, உண்மை. வரம்பு இருந்தால் ஒரு பெயர் குறைகிறது, அதுவும் உண்மை. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் ஒரே ஒரு பெயர்! ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் மற்ற வேட்பாளர்களைப் போன்றவரா? அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் அவருடையவை. காவல்துறையின் மேலதிகாரி அவர் அமர்த்தியவர். தேர்தல் நாளைக் குறிக்கும் உரிமையும் முதல் 4 ஆண்டுகளுக்குப் பின் அவருடையது. சடுகுடு ஆட்டத்தில் பாடி வருபவனே கோடு கிழிப்பவனாகவும் நடுவனாகவும் இருந்தால், ஆட்டக்காரர் எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பதா கேள்வி? வரம்பு வாக்காளனின் கையைக் கட்டுவதில்லை. நாற்காலியைப் பற்றிய கையைத்தான் விடுவிக்கிறது.

இதே வாதம் வேறு நாடுகளிலும் உலவியது. பொலிவியாவில் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பு வரம்பை நீக்க மறுத்தது. மறு ஆண்டே அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், மீண்டும் மீண்டும் போட்டியிடுவது மனித உரிமை என்று கூறி வாயிலைத் திறந்துவிட்டது. 2021-இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், எல்லையின்றிப் பதவி வகிப்பது மனித உரிமை ஆகாது என்று தெளிவுபடுத்தியது. பதவி என்பது பிறப்புரிமை அன்று என்பதை எந்தக் குடியரசும் தன் முதற் பாடமாகப் படித்தாக வேண்டும்.

இரண்டாம் வாதம்: ஆற்றல் மிக்க தலைவர், அரைகுறையாக நிற்கும் பணி, அவரை விட்டால் ஆளில்லை. தோழர்களே, அவதாரம் வந்துதான் உலகைக் காக்கும் என்ற நம்பிக்கையை எள்ளி நகையாடும் நாம், ஒருவர் போய்விட்டால் நாடு மூழ்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அரசியல் அறிவு என்று ஏற்கலாமா? இரண்டும் ஒரே மூடநம்பிக்கை. ஒன்று கோயிலில் குடியிருக்கிறது, மற்றொன்று கோட்டையில். மெக்சிகோவில் போர்பிரியோ டியாஸ் என்பவர், மறுமுறை எவரும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற முழக்கத்தோடு 1876-இல் கிளர்ந்தெழுந்து ஆட்சியைப் பிடித்தார். ஓர் இடைவெளி நீங்கலாக 1911 வரை அவரே ஆண்டார். அவரை வீழ்த்திய புரட்சி எழுப்பியதும் அதே முழக்கம்தான்! அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் வல்லவர், நல்லவர் என்று புகழப்பட்டவர். நான்கு முறை வென்றார். அவரைப் போற்றிய அந்த நாடே 1951-இல் இருமுறை வரம்பைச் சட்டமாக்கிக்கொண்டது. சீனத்திலோ 2018 மார்ச்சில் வரம்பை நீக்க 2,958 பேர் வாக்களித்தனர். எதிர்த்தவர் 2 பேர். மறுக்கும் குரல் இரண்டாகச் சுருங்கிய அவையில், தலைவரின் ஆற்றலை அளப்பது யார்?

மூன்றாம் வாதம் நம் முகத்தைப் பார்த்துக் கேட்கப்படுவது: ‘உங்கள் இந்தியாவில் வரம்பு இருக்கிறதா? நேரு 17 ஆண்டு இருக்கவில்லையா? மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு 23 ஆண்டு ஆளவில்லையா?’ நியாயமான கேள்வி, ஒதுக்கிவிடக் கூடாது. பிரதமரும் முதலமைச்சரும் அவையின் நம்பிக்கை உள்ள வரையில்தான் பதவியில் இருக்க முடியும். ஒரு மாலைப் பொழுதின் வாக்கெடுப்பு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் சட்ட வரம்பு இல்லை. ஆனால் அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். இலங்கையின் தலைவரோ ஆட்சியைத் தாமே நடத்துபவர்; தவணை முடியும் வரை எளிதில் அசைக்க முடியாதவர். அன்றாடக் கணக்கு இல்லாத இடத்தில், இறுதிக் கணக்கேனும் உறுதியாக இருக்க வேண்டும். இந்த விடை முழு விடை அன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். அவையே தலைவரின் பையில் அடங்கிவிட்டால், நம்பிக்கை வாக்கெடுப்பு வெறும் சடங்காகிவிடும். அப்போது இங்கும் அதே நோய்தான்.

நான்காம் வாதம் வலுவானது. ‘வரம்பு இல்லாதபோதும் 2015 ஜனவரி 8-இல் இலங்கை மக்கள் ராசபக்சேயைத் தோற்கடித்தார்களே! வரம்பு எதற்கு?’ தோற்கடித்தார்கள், பாராட்டுவோம். ஆனால் எப்படி? இரண்டு ஆண்டு முன்கூட்டியே அவரே தேர்தலை அழைத்தார். அவருடைய அமைச்சரும் கட்சிச் செயலாளருமான சிறிசேனாவே வெளியேறி எதிர்த்து நின்றார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரில் ஒரு பகுதியினரும் ஒரே பெட்டியை நிரப்பினர். அத்தனையும் ஒருங்கே கூடியும் கிடைத்தது 51 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வெற்றி. நற்பேறு ஒருநாள் வரும். சட்டம் நாள்தோறும் நிற்கும். வெள்ளம் வராத ஆண்டைக் காட்டிக் கரையை வெட்டச் சொல்வது உழவர் வழக்கம் அன்று.

அந்த இடைவெளியில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 18-ஆம் திருத்தம் பற்றி முடிவு கூறிய ஐவர் அமர்வுக்குத் தலைமை ஏற்றவர் நீதிபதி சிராணி பண்டாரநாயக்க. 2011-இல் அவர் தலைமை நீதிபதி ஆனார். 2013 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் கண்டனத் தீர்மானத்தின் மீது, அதே குடியரசுத் தலைவர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். தமிழருக்கு மட்டுமே தீங்கு என்று எண்ணி வாளாவிருந்த சிங்கள அறிஞர்களும் அன்று விழித்தார்கள். வேலி வீழ்ந்தால் மாடு இனம் பார்த்து மேய்வதில்லை.

2015 ஏப்ரல் 28-இல் 19-ஆம் திருத்தம் இருமுறை வரம்பை மீட்டது. தவணையை 5 ஆண்டாகக் குறைத்தது. அரசியலமைப்பு மன்றத்தையும் திரும்பக் கொணர்ந்தது. 2020-இல் கோத்தபய ராசபக்சேயின் 20-ஆம் திருத்தம் நியமன அதிகாரங்களைத் தலைவரிடமே திரும்ப அள்ளிக் கொடுத்தது. ஆனால் இருமுறை வரம்பைத் தொடத் துணியவில்லை. அப்படியானால் வரம்பு இருந்தும் 2022-இல் நாடு ஏன் நொடித்தது? எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்கள் ஜூலையில் ஏன் மாளிகையில் ஏறினார்கள்? தலைவர் ஏன் நாட்டை விட்டு ஓடி, அங்கிருந்து பதவி விலகினார்?

வரம்பு மட்டும் போதாது என்பதே இதற்கு விடை. நாஞ்சில் நாட்டு உழவனிடம் கேட்டால் எளிதாகச் சொல்வான். வயலின் வரம்பு பயிர் அல்ல. வரம்பை மட்டும் கட்டிவிட்டு நெல் விளையும் என்று காத்திருப்பவன் பட்டினி கிடப்பான். விதை வேண்டும், நீர் வேண்டும், களை பறிக்கும் கை வேண்டும். ஆனால் வரம்பை வெட்டிவிட்டு, ‘நீர் தாராளமாகப் பாயட்டும்’ என்பவனின் வயலில் எந்த நீரும் நிற்காது. தேர்தல் ஆணையமும் நீதிமன்றமும் செய்தித்தாளும் எதிர்க்கட்சியும் பயிர். பதவி வரம்பு அவற்றைச் சுற்றிய வரம்பு. ஒன்றை வைத்து மற்றொன்றை வேண்டாம் என்பவர்கள் இரண்டையும் விழுங்க வந்தவர்கள்.

தோழர்களே, இந்தத் திறனாய்வைக் கொழும்பின் கதையாகப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் செயலாளர் எத்தனை ஆண்டாக அதே நாற்காலியில் இருக்கிறார்? உங்கள் சங்கத்தின் விதிமுறையில் தலைவருக்கு வரம்பு உண்டா? உண்டு என்றால், அது எத்தனை முறை ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்று தளர்த்தப்பட்டது? ‘நம்மவர்தானே’ என்று நாம் தளர்த்தும் ஒவ்வொரு விதியும், நாளை நமக்கு வேண்டாதவர் வந்து அமர்வதற்கு நாமே விரிக்கும் பாய்.

தொண்டன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவரையும் நாம் ஐயுற வேண்டியதில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்போம்: ‘உம்மைப் போகச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? அவர் அதைச் சொல்லும்போது, அவர் வாயைப் பொத்தும் கை யாருடையது?’ இதற்கு நேரான விடை சொல்பவர் தொண்டர். விடை சொல்லாமல் வரம்பை நீக்கக் கேட்பவர், எத்தனை பணிவான பெயரைச் சூடினாலும், மன்னரே!